போல்டு பொத்தானையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திறமூல எடிட்டர்களில், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் எழுதும் மென்பொருள்களில், புதுப்புது வசதிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் எழுதுகிறவர் நாள் முழுக்க அழுத்தும், எழுத்தைத் தடிமனாக்கும் போல்டு கட்டளையை யாரும் செப்பனிடுவதாகத் தெரியவில்லை.

‘நாளை கூட்டம் உண்டு’ என்று ஒரு வரி. அதில் ‘நாளை’ மட்டும் ஏற்கெனவே போல்டு. முழு வரியையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-பி அழுத்தினால் மொத்தமும் போல்டாக வேண்டும், அதற்காகத்தானே அழுத்துகிறோம்? ஆனால் பல எடிட்டர்களுக்கு அடித்தளமான புரோஸ்மிரர் என்ற நிரல் தொகுப்பில், போல்டு போன்றவற்றைப் போடவும் எடுக்கவும் உள்ள டாகிள்மார்க் கட்டளை, நாம் எதையும் மாற்றாத இயல்பு நிலையில், ஏற்கெனவே இருக்கிற போல்டையும் எடுத்துவிடுகிறது. இன்னொரு முறை அழுத்தினால்தான் வேலை நடக்கும். சரி, இதை மாற்ற ரிமூவ்வென்பிரசென்ட் என்ற அமைப்பை ஃபால்ஸ் (‘இல்லை’) ஆக்கினால் போதும், ஒரு வரி வேலை. செய்ய மனசு வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லின் இருபுறமும் இரட்டை நட்சத்திரக் குறி போட்டுப் போல்டு ஆக்கும் மார்க்டவுன் எழுத்துமுறையில் தொல்லை வேறு மாதிரி. சொல்லோடு சேர்த்து அதன் பின்னால் உள்ள இடைவெளியும் தேர்வில் வந்துவிட்டால், சில எடிட்டர்கள் அந்த இடைவெளிக்குப் பிறகு மூடும் நட்சத்திரக் குறிகளைப் போட்டுவிடுகின்றன. மார்க்டவுனுக்கான காமன்மார்க் என்ற வரையறையின் விதிப்படி அது போல்டே ஆகாது, நட்சத்திரங்கள் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஓரத்து இடைவெளிகளை விட்டுவிட்டுக் குறி போடுவதுதான் சரியான வழி. புரோஸ்மிரர் இதை ஒழுங்காகவே செய்கிறது.

எடிட்டர்களைப் பராமரிக்கும் நண்பர்கள் இந்த இரண்டுக்கும் சோதனைகள் எழுதிவிட்டு, அப்புறம் அடுத்த வெளியீட்டை விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்