அம்மாவும் அப்பாவும் ஒரே உதடு

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்ததால் பதில் தாமதம். இப்போது மாடிப்படி ஏற முடிகிறது, இறங்கத்தான் பயம். நீ கொடுத்துவிட்ட கொய்யாவில் பாதி வரும் வழியிலேயே கனிந்து போச்சு. மீதியை எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பெத்லகேமில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டிக் கொடுத்து, உன் வீட்டுக்காரர் பெயரைக் கல்லில் பொறிக்கலாமா என்று கேட்கிறாராம். நான் அங்கே போய்வந்தவள் என்று என்னிடம் அனுப்பியிருக்கிறாய். போனது என்னவோ அரைமணி நேரம்தான்.

அரசு மானியத்தில் எருசலேம் யாத்திரை போனோமே, அந்தக் கூட்டத்தில். பஸ்ஸில் வந்த எல்லோரும் ஒலிவ மரச் சிலுவை வாங்கக் கடைக்குள் புகுந்த நேரத்தில், நானும் நம் சிஸ்டர் ஒருவரும் டாக்ஸி பிடித்துப் போய்விட்டோம். பள்ளியின் பெயர் எப்பத்தா. மாற்கு நற்செய்தியில் காது கேளாதவரைப் பார்த்து இயேசு சொன்ன அதே அரமேயச் சொல், 'திறக்கப்படு'. நம் தமிழ் விவிலியத்திலும் அப்படியே இருப்பதால் பலகையைப் படித்ததும் சொந்த ஊர்ப் பெயரைப் பார்த்த மாதிரி இருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 ஜனவரியில் அங்கே போனபோது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பி, 1971இல் திறந்தார்கள். அந்த 1964ஆம் வருஷமே டிசம்பரில் திருத்தந்தை பம்பாய்க்கும் வந்தார், உன் அப்பாகூட ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வருஷக்கணக்கில் அதையே பேசினாரே! பள்ளியை நடத்துவது இத்தாலியிலிருந்து வந்த புனித தொரோத்தி சபை சிஸ்டர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். ஹெப்ரோன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். சோதனைச்சாவடி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாத ஊரில் தினமும் போய்வருவது நடக்கிற காரியமா?

ஒரு சின்ன அறை, மேஜைமேல் கண்ணாடி. ஐந்து வயதிருக்கும் ஒரு பெண்குழந்தை. டீச்சர் "மாமா" என்கிறார், அரபியில் அம்மா. குழந்தை "பாபா" என்கிறது, அப்பா. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உதட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், நம் அம்மா அப்பா மாதிரியே. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஆயுசு முழுக்க இதோடு மல்லுக்கட்டிய டீச்சர்கள் நாம். 'ம'வுக்குத்தான் மூக்கு அதிரும் என்பதால், டீச்சர் குழந்தையின் ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் மூக்கோரத்தில் வைத்தார். மாமா. பிறகு அதே விரல் குழந்தையின் மூக்கில். பாபா என்றது. மறுபடியும். பாபா. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினொன்றாவது தடவை மூக்கு அதிர்ந்தது. சுட்டுவிட்டதுபோல் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தன் விரலையே உற்றுப் பார்த்தது அந்தக் குழந்தை. கூட வந்த சிஸ்டர் நேரமாச்சு என்று என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தார்.

அரபியில் இன்னொரு தொல்லை, சில எழுத்துகள் அடித்தொண்டையில் பிறக்கின்றன. அப்போது உதட்டில் ஒரு அசைவும் தெரியாது. நமக்கு ழகரத்தோடு போயிற்று, பாவம் அவர்கள்.

காது கேளாமை அங்கே அதிகம், காரணமும் நமக்குப் பழக்கமானதுதான். சொந்தத்துக்குள் கல்யாணம். இங்கே மாமன் மகள், அத்தை மகள். அங்கே பெரியப்பா, சித்தப்பா மகளையும் கட்டுவார்கள், நமக்கு அது முறையே ஆகாது. முறை எதுவானாலும் காதுக்கு ஒன்றுதான். பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் மொயின் கனான் என்ற பேராசிரியரின் குழுவினர், அமெரிக்க மரபியல் விஞ்ஞானி மேரி கிளேர் கிங்கோடு சேர்ந்து, பாலஸ்தீனக் குடும்பங்களில் செவித்திறனைக் கெடுக்கும் மரபணுக்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எப்பத்தாவில் பேச்சுப் பயிற்சிதான், உதடு பார்த்துப் பழகுவது. காசாவில் 1992இல் தொடங்கிய அத்ஃபாலுனா என்ற சங்கத்தின் பள்ளியில் சைகை மொழி. அத்ஃபாலுனா என்றால் 'நம் பிள்ளைகள்' என்று அர்த்தம். 2012இல் ஒரு உணவகமும் திறந்தார்கள். சமையல், பரிமாறல் எல்லாம் காது கேளாதவர்களே. நாம் பயிற்சி பெற்ற இடத்தில் பிள்ளைகள் கையை அசைத்தால் ஸ்கேலால் அடிக்கச் சொன்னார்கள், நாமும் அடித்தோம். எந்த முறை சரி என்று உன்னோடு எத்தனை ராத்திரி சண்டை போட்டிருப்பேன்! இப்போது எனக்கு அந்தச் சண்டையில் ருசி இல்லை. காசாவில் கரண்ட் போனால் சைகை தெரியாது, உதடும் தெரியாது. இருட்டில் குண்டு விழுகிற அதிர்வு மட்டும் தரை வழியாக வரும். பெற்றவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்காவது வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் இடிந்தோ சேதமடைந்தோ போய்விட்டன, நின்றவற்றில் வீடிழந்த சனங்கள் தங்கினார்கள். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

பெத்லகேமில் குண்டு விழவில்லை என்றாலும் பிழைப்பு போயிற்று. 2023லும் 2024லும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை. யாத்ரீகர் வராவிட்டால் சிலுவை செதுக்குகிறவனுக்கு ஏது வருமானம்? அவன் பிள்ளைக்கும் பள்ளி வேண்டுமே.

மாப்பிள்ளையிடம் இதை நீயே பக்குவமாகச் சொல். கட்டடம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், கல்வெட்டு, ரிப்பன், போட்டோ எல்லாம் உண்டல்லவா! பேட்டரிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. காது மிஷினில் போடும் அந்தப் பொத்தான் பேட்டரி, ஸ்டிக்கரை உரித்த நிமிஷத்திலிருந்தே காற்றுப் பட்டுத் தீர ஆரம்பித்துவிடும். பத்து நாள் தாங்கினால் பெரிசு. நூறு பிள்ளை என்று வை, இருநூறு காது. வருஷத்துக்கு ஏழாயிரம் பேட்டரி தாண்டும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும், காதுக்குள் பொருத்தும் அச்சான இயர் மோல்டு லூசாகிக் கீ என்று விசிலடிக்கும், மறுபடி அச்செடுக்க வேண்டும். அப்புறம் டீச்சர் சம்பளம். பதினொரு தடவை மாமா சொன்னவருக்கு மாசக் கடைசியில் சம்பளம் வர வேண்டாமா?

ஆகவே பணத்தை அனுப்பட்டும், 'எதற்கு வேண்டுமோ அதற்கு' என்று எழுதி அனுப்பட்டும். வங்கி விவரத்தைப் பள்ளியிடமே நேராகக் கேட்டு வாங்கச் சொல், இடையில் ஆள் வேண்டாம்.

உன் வீட்டுக்காரர் பெயர் எங்கும் வராதே என்று உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு ஞாபகத்தில் நிற்பது வேறு. அப்போதெல்லாம் சட்டைப் பையில் வைக்கும் பெட்டி மிஷின், வயர் வாரத்துக்கு ஒன்று அறும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த மனுஷன் உங்கள் திண்ணையில் ஈயப் பற்றுக்கோலோடு உட்காருவார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பற்றவைத்ததைத் தன் காதில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு பைசா வாங்கினதில்லை.

கொய்யா இன்னும் காய்த்தால் காயாகவே அனுப்பு.

உன்
மேரி