வண்டிக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மரபணு மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் என் விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது. கூடவே ஒரு வரிக் குறிப்பு: இதில் புதிய மருந்து எதுவும் இல்லை, மருந்தைச் சுமக்கும் பொருள் மட்டுமே இருக்கிறது. திரும்பி வருவது எனக்குப் பழகிவிட்டது. அந்த ‘மட்டுமே’தான் உறுத்துகிறது.

2021இல் என் சித்தப்பாவுக்குக் கருப்புப் பூஞ்சை வந்தது. டாக்டர் சீட்டில் ஆம்போடெரிசின் என்று எழுதி, அதற்கு முன்னால் இருந்த ‘லைப்போசோமல்’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். சாதாரண ஊசியைச் சித்தப்பாவின் சிறுநீரகம் தாங்காது என்றார். இரண்டு ஊசியிலும் இருப்பது 1950களில் கண்டுபிடித்த அதே மருந்து. ஒன்றில் அதைச் சுற்றிக் கொழுப்பாலான நுண்ணிய உறை இருக்கிறது, அவ்வளவுதான். அந்த உறைக்காகத்தான் நானும் சித்தப்பா மகனும் மூன்று நாள் கடை கடையாக அலைந்தோம். தயாரிப்பாளர்களுக்கே அந்தக் கொழுப்புப் பொருள்கள் போதிய அளவு கிடைக்காத நேரம் அது.

மரபணு மருந்துகளில் இந்தப் பாடு இன்னும் பெரிது. ஆர்என்ஏவைக் கொண்டே ஒரு மரபணுவின் வேலையை அடக்கும் ‘ஆர்என்ஏ குறுக்கீட்டை’ விளக்கிய ஆய்வு வந்தது 1998இல். நோபல் பரிசு 2006இல். அந்த வழியில் வேலை செய்யும் முதல் மருந்தான பட்டிசிரானுக்கு அமெரிக்கா அனுமதி தந்ததோ 2018இல். இருபது வருடம் இழுத்ததற்குப் பெரிய காரணம், மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி தெரியாததுதான். வெறும் ஆர்என்ஏவை ரத்தத்தில் விட்டால் நொதிகள் நறுக்கிப் போட்டுவிடும். தப்பிப் பிழைத்தாலும் அதற்கும் எதிர்மின்னேற்றம், செல்லின் மேற்பரப்புக்கும் எதிர்மின்னேற்றம். கிட்டவே போகாது.

சரி, நேர்மின்னேற்றம் உள்ள ஒன்றில் பொதிந்து அனுப்பினால்? எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். பாலிஎத்திலீன்இமைன் என்ற பாலிமர், 1995இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள் காட்டிய வழி. மரபணு உள்ளே போய்விடும். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டின் அடியில் பரந்து ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு திரண்டு, தட்டை ஆட்டும் பக்கமெல்லாம் மிதந்து போகும். எல்லாம் செத்தவை. அளவைக் குறைத்தால் செல் பிழைக்கும், மரபணு போகாது. இந்த இழுபறியிலேயே ஒரு மாணவருக்கு இரண்டு வருடம் ஓடிவிடும்.

பட்டிசிரானின் உறையைச் செய்தவர்கள் இதைத் தாண்டிய விதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ரத்தத்தின் பிஹெச் 7.4. அங்கே மின்னேற்றமே இல்லாமல் சாதுவாக இருக்க வேண்டும். செல் விழுங்கிய பிறகு, எண்டோசோம் என்ற பையின் அமிலத்தன்மை பட்டதும் நேர்மின்னேற்றம் பெற்றுப் பையைக் கிழிக்க வேண்டும். இப்படி ஒரு லிப்பிட்டை, அதாவது கொழுப்புப் பொருளைத் தேடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். பிஹெச் 6.4 பக்கத்தில் நிலை மாறும் லிப்பிட்தான் சரிப்பட்டது. அப்படியும், உள்ளே போகும் ஆர்என்ஏவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பையைவிட்டு வெளியேறுகிறது என்று 2013இல் அளந்து சொன்னார்கள். அந்த ஒன்றிரண்டை ஐந்தாக்குவதுதான் நான் அனுப்பிய விண்ணப்பம்.

வைரஸையே வண்டியாக்கலாமே என்பீர்கள். பல நோய்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை கொடுத்தால் உடம்பில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகி, மறுபடி கொடுக்க முடியாமல் போய்விடும். 2025இல் பிலடெல்பியாவில் ஒரு பச்சிளங்குழந்தையின் கல்லீரல் மரபணுக் கோளாறைத் திருத்தியபோது, மருந்தை லிப்பிட் துகளில் வைத்து மூன்று தவணையாக ஏற்றினார்கள். வண்டி வைரஸாக இல்லாததால் அது முடிந்தது.

கல்லீரல் வரைக்கும் பாதை போட்டாயிற்று. எலும்பு மஜ்ஜைக்கு இன்னும் சரியான பாதை இல்லை. நமக்கு வேண்டியதோ அது. மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதற்கு 2023இல் வந்த மரபணுத் திருத்த சிகிச்சையில், ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்து, திரும்ப உள்ளே விட வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கூடலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியாகப் போடுகிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால், மஜ்ஜையைத் தேடிப் போகும் வண்டியை யாராவது செய்தாக வேண்டும்.

ஆகவே, அடுத்த அழைப்பில் சுமக்கும் பொருள்களுக்கென்று தனித் தலைப்பு வையுங்கள். மதிப்பிடும் குழுவில் லிப்பிட்டையோ பாலிமரையோ கையால் செய்து பார்த்த வேதியியலாளர் ஒருவராவது இருக்கட்டும். தோற்றுப்போன பொருள்களின் விவரத்தை வெளியிடவும் காசு கொடுங்கள். ஒரே பொருளில் நாலு ஊர் ஆய்வகங்கள் தனித்தனியாகத் தோற்பதாவது மிச்சமாகும். மரபணுத் திருத்தத்துக்குக் கோடிகள் ஒதுக்கிவிட்டு இங்கே கணக்குப் பார்ப்பது, யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போலத்தான்.

அந்த விண்ணப்பத்தை மறுபடி அனுப்பப் போகிறேன். தலைப்பை மாற்றவில்லை.

இப்படிக்கு,
லிப்பிட் செய்து பிழைக்கும் ஒரு வேதியியல் ஆசிரியர்