களை மருந்தால் பயிர் கருகுவதைத் தடுக்க வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பருத்தி, மக்காச்சோளம், நெல் பயிரிடும் எங்கள் கிராமத்துச் சிறு விவசாயிகள் சார்பாக ஒரு விவசாயி.

பெறுநர்
வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்,
வேளாண்மை விரிவாக்க மையம்.

பொருள்: களைக்கொல்லி தெளிப்பால் பயிருக்கு ஏற்படும் பாதிப்பைத் தடுக்க, விதைப்புக்கு முன்பே சில ஏற்பாடுகள் செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன பட்டத்தில் என் இரண்டு ஏக்கர் பருத்தி கெட்டுப்போனது. காரணம் பூச்சியோ நோயோ இல்லை. பக்கத்து நிலத்து மக்காச்சோளத்தில் களைக்காக அடித்த 2,4-டி மருந்துதான்.

அன்று விடிகாலை, இலை அசையாத நேரம். காற்றே இல்லை, மருந்து இந்தப் பக்கம் வராது என்று நம்பி நானே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளில் பருத்தியின் குருத்து இலைகள் அகலம் குறைந்து விரல் விரலாக நீண்டன. நரம்புகள் ஒன்றையொன்று நெருங்கின. நுனித்தண்டு முறுக்கிக்கொண்டது. முதிர்ந்த இலைகள் மட்டும் அப்படியே பச்சையாக இருந்தன. நான் அதை வைரஸ் நோய் என்று நினைத்து வெள்ளை ஈக்கு மருந்து அடித்தேன். அந்தச் செலவும் வீண், அந்த மருந்தும் வீண். சப்பை என்கிற பூ மொட்டு உதிர்ந்து, காய்ப்பு தள்ளிப்போன பிறகுதான் விஷயம் புரிந்தது.

மருந்து அடித்த பக்கத்து நிலத்துக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மக்காச்சோளம் புல் வகைப் பயிர். 2,4-டியை அது தாங்கிக்கொள்ளும், அகன்ற இலைக் களைகள் சாகும். அவருடைய பயிருக்கு அவர் சரியான மருந்தைத்தான் அடித்தார். ஆனால் அந்த மருந்தின் கணக்கில் பருத்தியும் ஓர் அகன்ற இலைச் செடிதான். அதிலும் மிகச் சிறிய அளவுக்கே சுருண்டுபோகிற செடி. இந்த ஒரு செய்தியை விதைப்புக்கு முன்னால் யாராவது எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். தெளிப்பு நாளையோ மருந்தையோ மாற்றியிருப்போம்.

காற்றில்லாத விடிகாலைதான் பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்ததே தவறு என்பதும் பிறகுதான் தெரிந்தது. இரவில் நிலம் குளிரும்போது தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள வெப்பமான காற்றுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. தெளித்த சன்னமான துளிகள் மேலெழும்பிக் கலைய வழியில்லை. பனிமூட்டம் போல மிதந்தபடியே பக்கத்து வயலுக்கு நகர்ந்துவிடுகின்றன. மணிக்கு 5 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே திசையில், பாதிக்கப்படும் பயிர் இல்லாத பக்கமாகக் காற்று வீசுகிற நேரமே நல்ல நேரம். 2,4-டி எஸ்டர் வடிவில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெளித்து முடித்த பிறகும், வெயில் ஏறும்போது இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகிப் பறக்கும். சோடியம் உப்பு, அமைன் உப்பு வடிவங்களில் இந்த ஆவியாதல் மிகக் குறைவு. கடையில் மருந்து கேட்டால் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

களைக்கொல்லியே வேண்டாம் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. பயிரின் முதல் ஒன்றரை மாதம்தான் களை அதிகம் திருடுகிற காலம். அந்த நாளில் களையெடுக்க ஆள் கிடைக்காமல் பயிரை இழந்தவர்கள் எங்களில் பலர். மருந்து எங்களுக்கு வேண்டும். அந்த மருந்திலிருந்து பயிரைக் காக்கும் வழியும் கூடவே வேண்டும். இரண்டாவது மட்டும் எங்களுக்கு எப்போதும் தாமதமாகவே வந்து சேருகிறது.

நேரடி நெல் விதைப்பில் எங்களில் ஒருவருக்கு நடந்ததையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சேற்றுழவு செய்து முளைகட்டிய விதையைத் தூவியவர், பிரெட்டிலாகுளோர் மருந்து வாங்கிவந்து தெளித்தார். அது நடவு நெல்லுக்கான மருந்து. நடவு வயலில் நாற்று வளர்ந்து நிற்பதால் தாங்கும். நேரடி விதைப்பில் அப்போதுதான் முளை விட்ட குருத்து தாங்காது. களையும் வரவில்லை, நெல்லும் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. அதே பிரெட்டிலாகுளோரில், பயிரை மருந்திலிருந்து காக்கும் ஃபென்குளோரிம் என்ற சேஃப்னர் கலந்து, நேரடி விதைப்புக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாத்திரத்தின் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் காவல் வேறு.

இந்தச் சேஃப்னரைப் பயிர்க்காப்பான் என்று சொல்லலாம். அது மருந்தின் வீரியத்தைக் குறைப்பதில்லை. பயிர் தன் உடலுக்குள் ஏற்கெனவே வைத்திருக்கிற, நஞ்சை உடைக்கும் நொதிகளை முன்கூட்டியே பெருகச் செய்கிறது. குளூட்டதயோன் என்ற பொருளை மருந்தோடு ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் அவற்றில் முக்கியமானவை. நெல் அந்த வேலையை வேகமாகச் செய்து தப்பித்துக்கொள்கிறது. களைப்புல்லில் அந்த அளவுக்கு வேகம் வராததால் அது சாகிறது. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி பொருந்துவதும் இதே வகைத் திறமையால்தான். அந்தப் பயிருக்கு அது பிறவியிலேயே இருக்கிறது, சேஃப்னர் தேவைப்படவில்லை.

சேஃப்னர் நேற்று வந்த புதுமை இல்லை, ஐயா. 1940களின் இறுதியில் ஆட்டோ ஹாஃப்மன் என்ற ஆய்வாளர், ஒரு மருந்து தொட்ட தக்காளிச் செடிகள் இன்னொரு மருந்தின் பாதிப்பிலிருந்து தப்புவதைக் கவனித்ததில் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் மக்காச்சோள விதையில் பூசும் நாப்தாலிக் அன்ஹைட்ரைடு என்ற சேஃப்னர் விற்பனைக்கு வந்தது. சோள விதையில் ஃப்ளக்ஸோஃபெனிம் என்ற சேஃப்னரைப் பூசி விதைத்தால், சாதாரணமாகச் சோளத்தைக் கெடுக்கும் மெட்டலாகுளோர் மருந்தைக்கூடப் பயன்படுத்த முடியும். கோதுமைக்கான சில களைக்கொல்லிகளில் குளோக்வின்டோசெட் என்ற சேஃப்னர் சேர்ந்தே வருகிறது. அரை நூற்றாண்டாக இருக்கிற ஒரு பொருளின் பெயரை எங்கள் வட்டாரத்தில் பத்துப் பேர்கூட அறியவில்லை என்பதே என் ஆதங்கம்.

சரி, சேஃப்னர் கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. இதுவரை நடைமுறையில் உள்ளவை பெரும்பாலும் நெல், மக்காச்சோளம், சோளம், கோதுமை போன்ற புல் வகைப் பயிர்களுக்கே உதவுகின்றன. பருத்திக்கும் பயறு வகைகளுக்கும் காவல் வேறு இடத்தில் இருக்கிறது. தெளிப்பானில், விதை போடும் ஆழத்தில், மண்ணில்.

எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கைத்தெளிப்பான்தான். பூச்சி மருந்துக்கும் அதுவே, களை மருந்துக்கும் அதுவே. பூச்சி மருந்துக்கான கூம்பு நாசில் புகை போலச் சன்னமாகத் துளிக்கிறது. அந்தத் துளிதான் காற்றில் பறக்கும். களை மருந்துக்குத் தட்டை விசிறி நாசிலோ அகலப் பாய்ச்சும் நாசிலோ வேண்டும், அழுத்தமும் குறைவாக வேண்டும், வரிசைகளுக்கு நடுவே அடிக்கும்போது நாசிலைச் சுற்றி ஒரு மூடியும் வேண்டும். அப்புறம் அந்த டேங்கைக் கழுவும் பிரச்சினை. 2,4-டி ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு மறுவாரம் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தால், பருத்தி அதற்கும் சுருளும். களை மருந்துக்குத் தனித் தெளிப்பான் என்பதே நம்பகமான வழி. இரண்டு தெளிப்பான் வாங்க எல்லோருக்கும் இயலாது என்பதால்தான் தங்களிடம் வருகிறோம்.

முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகளில் பயிரைக் காப்பது ஆழம். மருந்து மேல்மண்ணில் மெல்லிய படலமாக நிற்கும், களை விதைகள் அங்கேதான் முளைக்கும், பயிர் விதை அதற்குக் கீழே இருக்கும். விதை மேலாக விழுந்தாலும், மணற்பாங்கான நிலத்தில் தெளித்த கையோடு கனமழை பெய்து மருந்தைக் கீழே இறக்கினாலும் இந்த ஏற்பாடு உடைந்துவிடும். மண்ணுக்கு ஏற்ற அளவு என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

அளவு என்று வந்தால் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பரிந்துரை ஹெக்டேருக்கு இத்தனை கிலோ செயல்படு பொருள் என்று வருகிறது. நாங்கள் வாங்குவது பாக்கெட், அடிப்பது டேங்க் கணக்கு. ஹெக்டேருக்கு அரை கிலோ அட்ரசின் என்றால், 50 சதவீதத் தூளில் அது 1 கிலோ, ஏக்கருக்கு 400 கிராம். இதை ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "ஒரு மூடி கூடவே போடு" என்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நடக்கும் வேகத்தைச் சரிபார்ப்பதும் இல்லை. 100 சதுர மீட்டரில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பார்த்து 5 லிட்டர் செலவானால், ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு சரி. கால் மணி நேர வேலை. அதைச் செய்யாததால் சிலர் இரட்டை அளவை நிலத்தில் கொட்டுகிறார்கள்.

மிச்ச மருந்தும் அடுத்த பயிரைப் பிடிக்கிறது. மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் மண்ணில் தங்கினால், அதன்பின் போடும் உளுந்தோ வெள்ளரியோ முளைத்து வந்து இலை ஓரம் கருகிச் சாகும். இதை விதைப்புக்கு முன்பே அறிய ஆய்வகம்கூடத் தேவையில்லை. அந்த நிலத்து மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்து படாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, போடப்போகும் பயிரின் விதையை இரண்டிலும் ஊன்றி மூன்று வாரம் பார்த்தால் போதும். செடி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் விதைக்கலாம். இவ்வளவு எளிய சோதனை எங்கள் வயல்களுக்கு வராமல் போனதுதான் எனக்கு வேதனை.

ஆகவே, வரும் விதைப்புக்கு முன் சில ஏற்பாடுகளைத் தங்களிடம் கேட்கிறோம். நேரடி விதைப்புக்கான சேஃப்னர் கலந்த மருந்து பருவத்துக்கு முன்பே கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். களை மருந்து விற்கும்போது, என்ன பயிர், நடவா நேரடி விதைப்பா என்று கேட்டு அதை ரசீதிலேயே எழுதிக் கொடுக்க விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். பருத்தி இருக்கும் பகுதிகளில் 2,4-டி எஸ்டரைத் தவிர்த்து உப்பு வடிவத்தைப் பரிந்துரைக்க வேண்டும். தட்டை விசிறி நாசிலும் மூடியும் பொருத்திய, களை மருந்துக்கு மட்டுமேயான சில தெளிப்பான்களை விரிவாக்க மையத்தில் வாடகைக்கு வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் மனதார வேண்டுவது ஒன்று உண்டு. மருந்து பட்டுப் பயிர் சுருண்டது என்று ஒருவர் தகவல் கொடுத்தால், ஒரு வாரத்துக்குள் யாராவது வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். 2,4-டி பாதிப்பை முழுதாகத் திருப்பும் மாற்று மருந்து இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும், செடி தேறுமா, வைத்துப் பராமரிக்கலாமா, அழித்து மறுபடி விதைக்கலாமா, விதைத்தால் எந்தப் பயிர் என்று அந்த வாரத்தில் சொன்னால் ஒரு பட்டம் பிழைக்கும். நான் அந்த வாரத்தை வெள்ளை ஈக்கு மருந்து அடித்துக் கழித்தேன்.

எங்கள் தரப்பில் செய்ய வேண்டியதையும் செய்கிறோம். களை மருந்து அடிக்கும் முன்தினம் பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்வது, பருத்தி நிலத்தின் மூலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவது, எந்தத் தேதியில் எந்த மருந்து எவ்வளவு அடித்தோம் என்று நோட்டில் குறிப்பது என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்திருக்கிறோம். தெளிப்பு அளவு சரிபார்ப்பையும் தொட்டிச் சோதனையையும் செய்து காட்ட ஒரு நாள் ஒதுக்கினால், அதற்கு என் நிலத்தையே தருகிறேன். மண்ணும் தொட்டிகளும் தயாராக வைத்திருப்போம். விதைப்புக்கு ஐந்து வாரம் முன்னதாக அந்த நாள் அமைந்தால் சோதனையின் முடிவு கைக்கு வந்த பிறகே விதைக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமத்துச் சிறு விவசாயிகள் சார்பாக.

இணைப்பு: பாதிக்கப்பட்ட பருத்தி இலைகளின் படங்கள், நேரடி விதைப்பு வயலின் படங்கள், தெளிப்புக் குறிப்பு நோட்டின் நகல்.