கதவைப் பிடித்த பிறகே பெல்ட்டை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்கூவரிலிருந்து விக்டோரியாவுக்கு, மிதவைகள் பூட்டித் தண்ணீரிலேயே ஏறி இறங்கும் மிதவை விமானத்தில் போய்வந்த குடும்பம் பற்றிய பயணக் கட்டுரையை உங்கள் சென்ற இதழில் வாசித்தேன். நல்ல எழுத்து. தீவுகளைப் பார்த்த மாதிரியே இருந்தது. நடுவில் ஒரு வரி: பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்தில் நடந்தது, அம்மாவுக்கு விளங்கவில்லை, பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்தக் கரையில் 22 வருடம் சிறிய விமானங்களுக்குத் திருத்த வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஒருமுறை எங்களை நீருக்கடியில் வெளியேறும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீச்சல் குளத்தில் ஓர் இரும்புக் கூண்டு, உள்ளே விமான இருக்கை. பெல்ட்டைக் கட்டியதும் கூண்டைத் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறிய அந்தக் கணமே நான் பெல்ட்டைக் கழற்றினேன். கழற்றியதும் உடம்பு மிதந்து போய் எதிலோ முதுகு முட்டியது. கதவு வலப்பக்கம் என்று தெரியும். என்னுடைய வலப்பக்கம் எது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஒரு சுழியோடி சட்டையில் பிடித்து வெளியே இழுத்தார். விமானக் கதவுகளைக் கழற்றிப் பூட்டுவதையே தொழிலாகச் செய்தவனின் நிலை அது!

இரண்டாம் தரம் சொன்னபடி செய்தேன். ஒரு கை கதவுக் கைபிடியில். கதவைத் திறந்து, அதன் விளிம்பை இறுகப் பிடித்த பிறகுதான் மற்றக் கை பெல்ட்டுக்குப் போகும். பெல்ட் கட்டியிருக்கும் வரை, விமானம் எப்படிப் புரண்டாலும் உங்கள் வலது வலதாகவே இருக்கும். அந்தப் பெல்ட்டும் கார்ப் பெல்ட் மாதிரிப் பொத்தானை அமத்துவது அல்ல, மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை இல்லாத பொத்தானைத் தேடும்.

மிதவை விமானம் தண்ணீரில் கவிழ்ந்தால் மிதவைகள் மேலே, ஆட்கள் கீழே. 2009 நவம்பர் 29 அன்று இந்தக் கரையிலுள்ள சட்டர்னா தீவில் புறப்பட்ட பீவர் ரக மிதவை விமானம் ஒன்று கடலில் விழுந்தது. இருந்த எட்டுப் பேரில் விமானியும் ஒரு பயணியும் மட்டுமே தப்பினார்கள். மற்ற ஆறு பேரும், ஒரு கைக்குழந்தை உட்பட, நீரில் மூழ்கி இறந்தார்கள். நான்கு கதவுகளில் இரண்டு மோதலில் இறுகிவிட்டதாக விசாரணை சொன்னது. அதற்குப் பிறகுதான் பல பீவர்களில் தள்ளினால் கழன்று விழும் ஜன்னல்கள் வந்தன. சிறிய வணிக மிதவை விமானங்களில் பயணிகள் மிதவை அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்ற விதிக்கு 2019 வரை காத்திருந்தோம். பத்து வருடம்!

தரையிலும் கதவுதான் சிக்கல். இயந்திரம் நின்று வயலில் இறக்கினால் விமானத்தின் உடற்சட்டம் நெளியும், மூடியிருந்த கதவு சட்டத்தோடு கவ்விக்கொள்ளும். அதனால்தான் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் கைநூல், தரை தொடுவதற்கு முன்பே கதவின் தாழை விடுவிக்கச் சொல்கிறது. தண்ணீரில் இறங்கும்போது மடித்த கோட்டை முகத்துக்கு அணையாக வைக்கச் சொல்கிறது. கதவு திறக்காவிட்டால் ஜன்னலைத் திறந்து தண்ணீரை உள்ளே விடு என்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் உள்ளும் புறமும் அழுத்தம் சமனானால்தான் கதவு அசையும். எதைச் செய்தாலும் அங்கியை உள்ளே வைத்து ஊதவிடாதீர்கள். அது உங்களை மேலே தூக்கி ஒட்டவைத்துவிடும், கதவு வரைக்கும் தாழ முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமியை இந்த விமானத்தில் ஏற்றியபோது, கண்ணை மூடிக்கொண்டு கைபிடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "தம்பி, விழப்போற பிளேனிலையோ என்னை ஏத்துறியள்?" என்று கேட்டார். கேட்டாலும் தொட்டார். முதல் தரம் ஜன்னல் விளிம்பு, இரண்டாம் தரம் முன் இருக்கையின் முதுகு, மூன்றாம் தரம் சரியாகக் கைபிடி. பிறகு சேலைத் தலைப்பைப் பெல்ட் கொக்கிக்குள் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டு, பயணம் முழுக்க அந்தக் கைபிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. திமிங்கிலம் தெரிகிறது என்று காட்டினபோதும் தலைதான் திரும்பியது.

கோடை தொடங்கினால் ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பலரும் இந்த விமானங்களில் கூட்டிப் போகிறோம். இருக்கைப் பையிலுள்ள பாதுகாப்பு அட்டையை அவர்களால் வாசிக்க முடியாது. அதைத் தமிழில் உங்கள் பத்திரிகையில் ஒருமுறை போட முடியுமா? அரைப் பக்கம் போதும், வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். படம் நானே வரைந்து தருகிறேன். கதவும் தாழும் நன்றாக வரும், ஆட்களின் முகத்துக்கு மட்டும் வேறு யாரையாவது பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானத் திருத்துநர் ஒருவர்,
றிச்மண்ட், பிரிட்டிஷ் கொலம்பியா