பாப்பாவுக்கு, எலுமிச்சம்பழம் பற்றி அம்மா எழுதுவது

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
வைகாசி, ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அப்பாவும் நானும் நலம். "அங்கு உன் நலம் அறிய ஆவல்" என்று எப்போதும் எழுதுவேன். இந்த முறை அது வெறும் வழக்கச் சொல் இல்லை. நேற்று நீ கைபேசியில் காட்டிய கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அங்கே பாரிஸில், பூங்காவில் நண்பர்களுக்காக இருபது எலுமிச்சம்பழம் பிழிந்ததாகச் சொன்னாய். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு வழிந்த தடத்திலேயே சிவந்து, கொப்புளம் எழும்பி, இப்போது பழுப்புக் கோடுகளாக நிற்கிறது. கன்னத்திலும் ஒரு திட்டு. "காலையில் எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு போனேன், நீ சொல்லிக்கொடுத்ததுதானே அம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் அப்பாவிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். கோபம் என்று நினைத்துவிடாதே.

இன்று காலை நம் தெருமுனைத் தோல் மருத்துவரிடம் உன் கையின் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார். இது ஒவ்வாமை இல்லை, யாருக்கும் வரக்கூடியது. எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் பியூரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இடம் வெந்துபோகிறது. உடனே தெரியாது, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். அதனால் பலர் எலுமிச்சையைச் சந்தேகிப்பதே இல்லை. கறை மறைய வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை அந்த இடத்தை வெயில் படாமல் மூடி வை. கொப்புளத்தைக் கிள்ளாதே.

அங்கே மஞ்சளாகப் பெரிதாக விற்கும் சித்ரோன் ஒரு பழம், நம்முடையது வேறு பழம். உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும் நம் நாட்டு எலுமிச்சைக்கு அங்கே "சித்ரோன் வேர்", அதாவது பச்சை எலுமிச்சை, என்று பெயர் என்பாய். நம் வீட்டுப் பழம் போலவே இருக்கிறது என்று தேடிப்பிடித்து வாங்கினாய் அல்லவா? அந்தப் பியூரோகூமரின் மஞ்சள் பழத்தைவிடப் பச்சைப் பழத்தில்தான் அதிகமாம். இனி எத்தனை பழம் பிழிந்தாலும் வெளியே கிளம்பும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிடு. வெறும் தண்ணீர் போதாது, பழத்தோலில் உள்ள எண்ணெய் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மஞ்சக்குப்பத்து மண்டபத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் உன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகவெட்டு நல்லா இருக்கு, கொஞ்சம் நிறம்தான் கம்மி" என்றார். நீ ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் முகத்தில் எலுமிச்சைத் தோலும் சர்க்கரையும் தேய்க்க ஆரம்பித்தேன். எரிகிறது என்பாய். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பேன். பிறகு மாடியில் வற்றல் காயவைக்க உன்னையே அனுப்புவேன். அந்த வருடம் உன் நெற்றியில் வந்த கருந்திட்டுகளுக்கு உடம்புச் சூடு என்று பெயர் வைத்து, விளக்கெண்ணெய் தடவினேன். இன்று அந்த மருத்துவரின் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் திட்டுகள் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

நம் தோலில் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு. எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல நூறு மடங்கு கடுமையான அமிலம். அதைத் தேய்த்தால் மேல்தோல் புண்படும், வறளும்; பிறவி நிறம் மாறாது. மாற வேண்டிய தேவையும் இல்லை. அந்த மண்டபத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து பழத்தை நறுக்கினேன். உன் நிறத்தைக் குறை என்று உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்மணி இல்லை, நான்தான். என்னை மன்னித்துவிடு கண்ணு. இத்தனை வருடம் கழித்து, அவ்வளவு தூரத்தில், இன்னும் நீ கண்ணாடி முன் நின்று அதையே செய்கிறாய் என்று கேட்டபோதுதான் நான் செய்தது எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. முகத்துக்கு இனி எலுமிச்சை வேண்டாம். பயற்றமாவும் தண்ணீரும் போதும், வெயிலுக்கு மருத்துவர் சொல்லும் களிம்பு போதும்.

தலைக்கும் சாற்றை நேராகத் தேய்க்காதே. பொடுகு என்று சொறிந்து புண்ணான தலையில் அது தீயாக எரியும். ஆயா செய்ததைப் போல, பிழிந்த தோலைக் காயவைத்துச் சீயக்காயோடு சேர்த்து அரைத்துக்கொள்ளலாம். நன்றாக அலசிவிட்டால் போதும். வாசம் தலையில் இரண்டு நாள் நிற்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எலுமிச்சையையே ஒதுக்கிவிடாதே. அது சமையலறையில் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. கத்திரி வெயிலில் பெரிய மார்க்கெட்டில் ஒரு பழம் பத்து ரூபாய்க்குப் போனபோதும் வாங்கத்தான் செய்தேன்.

உனக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்றார்களே, அதற்கு இது உண்மையான துணை. கீரை, பயறு, பருப்பில் உள்ள இரும்பை நம் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கி, தட்டில் போட்டபின் அரை மூடி பிழிந்துகொள். கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்து சூட்டில் வீணாகும், கசக்கவும் செய்யும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடு, அது இரும்பைத் தடுக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு எலுமிச்சை போதும் என்று மட்டும் இருந்துவிடாதே.

உன் கொள்ளுத்தாத்தா சைகோனுக்குக் கப்பலேறியபோது அவர் அம்மா ஒரு ஜாடி உப்பு எலுமிச்சை கொடுத்தனுப்பிய கதை உனக்குத் தெரியும். அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி இல்லாமல் ஈறு அழுகி எழ முடியாமல் கிடந்த ஸ்கர்வி நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுக்க 1795 வரை ஆனது. கண் எதிரில் தெரிந்த உண்மைக்கே ஏறக்குறைய ஐம்பது வருடம்! பிறகு மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக நம்முடையதைப் போன்ற பச்சைப் பழத்தின் சாற்றைக் கொடுத்தார்கள். அதில் வைட்டமின் சி குறைவு என்பதால் நெடும்பயணங்களில் நோய் திரும்ப வந்தது. புளிப்புதான் மருந்து என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சத்துக்காக மட்டும் என்றால் நம் கொய்யாப்பழம் எலுமிச்சையைப் பல மடங்கு மிஞ்சும். அங்கே கிடைத்தால் வாங்கு.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது மருத்துவர் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? அதில் உள்ள சிட்ரேட், சுண்ணாம்புச்சத்து கல்லாகத் திரள்வதைக் குறைக்குமாம். சர்க்கரையும் உப்பும் போடாமல், நாள் முழுக்க நிறையத் தண்ணீரோடு. வந்த கல்லை அது கரைக்கவில்லை, அதற்கு வேறு சிகிச்சை செய்தோம். மறுபடி வராமல் இருக்கத்தான் இது.

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், தேன், எலுமிச்சை குடித்தால் இளைக்கலாம் என்று நானும் ஆறு வருடம் குடித்தேன். இளைக்கவில்லை, பல் கூச ஆரம்பித்தது. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைத்துவிட்டது என்றார் பல் மருத்துவர். கரைந்தது திரும்ப வளராது. குடித்தால் உடனே வாயைக் கொப்பளி. பல் தேய்ப்பதற்கு அரை மணி நேரமாவது பொறு. இளகியிருக்கும்போது தேய்த்தால் இன்னும் தேயும்.

வீட்டு வேலைக்கு இதைப் போல் ஒன்று கிடையாது. உன் தண்ணீர்க் கெண்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்றாயே, அது சுண்ணாம்புதான்; பாரிஸ் தண்ணீர் கடினமானது. பாதி தண்ணீர் ஊற்றி இரண்டு பழத்தின் சாற்றைப் பிழிந்து கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவை. கரைந்துவிடும். இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிடு. நான் கொடுத்த பித்தளைக் காமாட்சி விளக்கைப் பிழிந்த மூடியில் கல்லுப்பைத் தொட்டுத் தேய். உடனே கழுவித் துணியால் துடைத்துவிடு, ஈரத்தோடு விட்டால் பச்சை பிடிக்கும். மீன் கழுவிய கைக்கும் அரிவாள்மனைக்கும் ஒரு மூடி போதும். அந்த வாடைக்குக் காரணமான பொருளை அமிலம் கட்டிப்போட்டுவிடும்.

சுண்ணாம்பைக் கரைப்பது பளிங்கையும் கரைக்கும். செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றி, பூஜை அறைப் பளிங்குத் தரையில் அப்படியே வைத்துவந்தேன். வட்ட வட்டமாகப் பளபளப்பு போய்விட்டது. என்ன தேய்த்தும் வரவில்லை. இப்போது தட்டில்தான் வைக்கிறேன். உன் வாடகை வீட்டின் கணப்பு மேடை பளிங்கு என்றாய், அதன் மேல் பழம் நறுக்கிவிடாதே.

ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே ழவேல் என்று புட்டியில் விற்கும் வெளுப்புத் திரவத்தோடு எலுமிச்சை சேரவே கூடாது. 2024இல் ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, நம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்தபின் தரை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினோம். சேற்று நாற்றம் போகவில்லை என்று எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீரை அதன் மேலேயே ஊற்றிவிட்டேன். குளோரின் வாயு கிளம்பிவிட்டது. கண்ணும் மூக்கும் எரிந்து மூச்சு முட்டியது. அப்பா கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். அப்போது உன்னிடம் சொல்லவில்லை. கழிவறை சிறியது, சன்னல் இல்லை என்று நீ சொன்னதால் இப்போது சொல்கிறேன்.

கடலூர் ஆயா வீட்டுக் கொல்லை மரத்தை நீ கேட்டாய். 2011இல் தானே புயலில் பலாவோடும் முந்திரியோடும் அதுவும் சாய்ந்தது என்பது உனக்குத் தெரியும். ஆயா அதன் விதையில் முளைத்த கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்திருந்தார். அதை நம் மாடிக்குக் கொண்டுவந்து வளர்த்தேன். இந்த வைகாசியில்தான் முதல்முறையாகக் காய்த்திருக்கிறது. எண்ணினேன், பதினொன்று.

அவற்றைப் பறித்து நான்காகக் கீறிக் கல்லுப்பு அடைத்து ஆயாவின் பீங்கான் ஜாடியில் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். தோல் மெத்தென்று ஆக இன்னும் பத்து நாள் ஆகும். அடுத்த வீட்டுப் பையன் ஆனி முதல் வாரம் பாரிஸ் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கரண்டி ஈரமில்லாமல் எடு. தயிர்சாதத்துக்கு வைத்துக்கொள்.

நாளைக் காலை வெளிச்சத்தில் கையையும் கன்னத்தையும் படம் எடுத்து அனுப்பு. விளக்கு வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா