வீட்டுக் கிராண்ட் பற்றி மகளுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகளுக்கு,

வீட்டுக் கிராண்டின், அதாவது உரிமைப் பத்திரத்தின், நகல் வேண்டுமென்று நீ தம்பியிடம் கேட்டதாக அவன் சொன்னான். என்னிடமே கேட்டிருக்கலாம். பாலித் தீவில், சாங்குவில், விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக நீ ஒரு வில்லா எடுக்கப் போவதாகவும், அதற்கு வேண்டிய மூன்று லட்சம் மலேசிய வெள்ளியை இந்த வீட்டின் பேரில் கடனாகப் பெற எண்ணியிருப்பதாகவும் அவன் மூலமாகவே தெரிந்துகொண்டேன். முகவர் உனக்கு அனுப்பிய தாள்களை அவனிடமிருந்து வாங்கி வரி விடாமல் படித்தேன். எடுப்பவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

நீ கணக்கில் கெட்டிக்காரி. தோட்டத்துப் பள்ளியில் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் பத்துப் பேருக்கு மேலாளராக இருப்பவளுக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த முகவரின் தாளில் ஆண்டு முழுவதும் நூற்றுக்கு எண்பத்தைந்து நாட்கள் ஆள் தங்குவார்கள் என்று போட்டிருப்பதை நீ எப்படிக் கேள்வி கேட்காமல் விட்டாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே மழைக்காலம். முன்பதிவுத் தளத்துக்குக் கழிவு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, உள்ளூர் அரசுக்கு 10 விழுக்காட்டுத் தங்கும் வரி, நீச்சல் குளம் சுத்தம் செய்பவர், தோட்டக்காரர், மின்சாரம் என்று எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் வருமானம் என்று சொல்ல வேண்டும். அவர் கழிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அது மட்டுமல்ல. நீ எடுப்பது சொந்த நிலம் அன்று, 25 ஆண்டுக் குத்தகை. மூன்று லட்சத்தை இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் வருகிறது. ஒரு விருந்தாளியும் வராவிட்டாலும் மாதம் ஆயிரம் வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும்; இறுதியில் விற்பதற்கு எதுவும் இருக்காது. இடையில் யாருக்காவது கைமாற்றினாலும், எஞ்சிய ஆண்டுகளுக்குத்தான் விலை கிடைக்கும். நீட்டிப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார்களே தவிர, என்ன விலைக்கு என்று எழுதவில்லை. விலை எழுதாத நீட்டிப்பை நம்பிக் கையெழுத்துப் போடாதே.

இதைவிடப் பெரிய கவலை நான்காம் பக்கத்தில் இருக்கிறது. குத்தகை பிடிக்காவிட்டால், உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் நிலத்தை எழுதி, உனக்கும் அவருக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று முகவர் யோசனை சொல்லியிருக்கிறார். ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கும் என் பழைய மாணவனிடம் இதைக் காட்டினேன். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் முழு உரிமை நிலம் வைத்திருக்க முடியாது. 26ஆம் பிரிவின்படி, இப்படிச் சுற்றிவளைத்து நிலத்தை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது என்று அவன் எடுத்துச் சொன்னான். முறையாகத் தொழில் செய்ய அங்கே வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பதிவு செய்யலாம்; ஆனால் அதற்கு ஆயிரம் கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். அது நம்மைப் போன்றவர்களுக்கான வாசல் இல்லை. அடுத்தவர் பெயரில் எழுதி வைத்து நம் சின்ன அத்தைக்கு என்ன நடந்தது என்பதை நான் மறுபடியும் எழுத விரும்பவில்லை.

முன்பு பேங்காக்கில் அடுக்குமாடி வீடு என்றாய். அங்கே 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதற்கு ஓட்டல் உரிமம் வேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டாய். பிறகு ஒசாக்கா என்றாய். ஜப்பானில் 2018இல் வந்த சட்டப்படி சாதாரண வீட்டை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் அப்படி விட முடியாது என்று நீயே எனக்கு விளக்கினாய். அப்போதெல்லாம் நிதானமாக விசாரித்தவள் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய்?

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 66 வயது. இங்குள்ள வங்கிகள் பொதுவாக 70 வயதுக்குள் வீட்டுக் கடனை முடிக்கச் சொல்லும் என்பதால் கடனை நீதான் எடுக்க வேண்டும். அதற்கு வீடு முதலில் உன் பெயருக்கு மாற வேண்டும். தவணை வெள்ளியில், வாடகை ரூப்பியாவில், உன் சம்பளம் சிங்கப்பூர் டாலரில். இந்தோனேசியா 2020 ஏப்ரலில் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவை மூடிய பிறகு, 2021 அக்டோபரில்தான் பாலி மீண்டும் திறந்தது. இங்கே 2020இல் வங்கிகள் எல்லோருக்கும் தாமாகவே தவணைக்கு விடுப்புக் கொடுத்தது ஆறு மாதம்; அப்படி ஒரு காலம் மறுபடியும் வந்தால் மீதி மாதங்களை உன் சம்பளம்தான் சுமக்க வேண்டும். ஒரே சம்பளம் என்று நான் எழுதவில்லை, நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நீங்கள் இருவரும் சேர்ந்து சிங்கப்பூரில் வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஐந்தாண்டுக் குடியிருப்புக் காலம் இன்னும் முடியவில்லை. அது முடிவதற்குள் வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்கக் கூடாது என்பது கழகத்தின் விதி. குத்தகைக்கு அது பொருந்துமா என்பதைக் கழகத்திடமே எழுதிக் கேள். அந்த வீடு இரண்டு பெயரில் இருப்பதால், விதி மீறலில் அதற்கு ஏதாவது வந்தால் அவரையும் சேர்த்தே பாதிக்கும். அவருக்கு இது தெரியுமா?

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கூலியில் மாதம் பத்து வெள்ளி கட்டி, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள், நிலம் வேறொருவர் பெயரில் இருந்ததால் வெளியேற வேண்டியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த உன் அப்பா, சேமநிதிப் பணத்தை எடுத்து இந்த வீட்டை வாங்கியபோது, வங்கியில் ஒரு நாளும் இதை வைக்கக் கூடாது என்றார். பெண் பிள்ளைக்குத் தன் பெயரில் ஓர் இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணம் உனக்கு வந்ததில் பெருமைகூட உண்டு. ஆனால் அதற்குச் சாங்கு வரை போக வேண்டுமா?

தொழில்தான் நோக்கம் என்றால், ஈப்போ பழைய நகரத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் உரிமையாளரின் சம்மதத்தோடும் மாநகர் மன்றத்தின் அனுமதியோடும் ஓராண்டு நடத்திப் பார். நாற்பது நிமிடத்தில் நான் போய்வரக்கூடிய இடம். விருந்தாளி சாவியைத் தொலைத்தாலும் கழிவறை அடைத்துக்கொண்டாலும் ஓட ஆள் இருக்கும். அதன் பிறகும் பாலிதான் என்றால், மழைக்காலத்தில் அதே வில்லாவில் ஒரு மாதம் வாடகைக்கு இரு. முகவரின் தாளைக் கேட்காதே, முந்தைய இரண்டாண்டு வங்கிக் கணக்கைக் கேள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே, முன்பணமும் அனுப்பாதே. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மறைக்காமல் எழுது, திட்ட மாட்டேன்.

தொழில் நோக்கம் இல்லையென்றால், இந்த வீட்டை உன் பெயருக்கு மாற்றித் தர எனக்குச் சம்மதம்; அன்பளிப்புக்கும் அந்த ஐந்தாண்டு விதி பொருந்துமா என்று கழகத்திடம் முதலில் கேட்டுக்கொள். தம்பியிடம் பேசிவிட்டேன், அவனுக்கும் மறுப்பில்லை. பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுத்தால், 2023 ஏப்ரலிலிருந்து, முதல் பத்து லட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரைத் தீர்வை இல்லை. ஒரே நிபந்தனை, நான் இருக்கும்வரை அடமானம் கிடையாது. அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் நகலெடுத்து எனக்கே அனுப்பு, தம்பிக்கு வேண்டாம். என் மாணவன் பத்திரம் எழுதி வைப்பான். கையெழுத்துப் போட நீ நேரில் வர வேண்டியிருக்கும். தனியாக வந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா