மான்செஸ்டர்க்காரனுக்கு, பின் சக்கரம் பற்றி

காரைக்குடி,
ஐப்பசி மாதம்.

மாப்ளே,

ஆத்தாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கு, மத்தபடி எல்லாரும் சௌக்கியம். உன் பெரியவன் காலேஜ் சேர்ந்த சேதியைக் குண்டன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கணக்கை நேர்ல தீர்த்துக்குவோம்.

என் சைக்கிளோட பின் சக்கரத்துக் குடத்துக்கு ஊதா நிற ஹோப் கம்பெனி ஹப் படத்தை அனுப்பி, "படைப்புக்கு வர்றப்ப கொண்டு வர்றேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னு கேட்டிருந்தே. இத்தனை நாளா பதில் போடலை, கோபத்துல இருப்பே. வேணாம்ங்கறதை ஒரு வரியில சொன்னா நீ சண்டைக்கு வருவே. அதான் விலாவாரியா எழுதுறேன்.

நடந்ததை முதல்ல கேளு. மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை திருமயம் பக்கத்துப் பாறைக்குப் போயிருந்தேன். அதே பாறைதான், டிரவுசர் கதை நடந்த இடம். பின்னால பெரிய பல்சக்கரத்துல போட்டு, எந்திரிச்சு ஒரு மிதி மிதிச்சேன். பெடல் எதையும் பிடிக்காம சட்டுனு இறங்கிருச்சு. முட்டி போய் ஹேண்டில்பார்ல இடிச்சது. ரெண்டு மிதி பிடிக்கும், மூணாவது மிதி வழுக்கும். கடைசியில தள்ளிக்கிட்டே ரோட்டுக்கு வந்து மினி லாரிக்காரர்கிட்ட கெஞ்சி ஏத்திக்கிட்டு வந்தேன்.

நம்ம சைக்கிள் கடை அண்ணன்கிட்டக் கொண்டுபோய்ப் பிரிச்சோம். பின் பல்சக்கர அடுக்கை, அதான் கேசட்டை, கழட்டவே சுத்தியல் வேண்டியிருந்துச்சு. அது உக்கார்ற அலுமினிய ஃப்ரீஹப் உடம்புல ஒவ்வொரு பல்சக்கரமும் வெட்டுப் போட்டு உள்ள இறங்கி உக்காந்திருக்கு. ஃப்ரீஹப்பை உருவித் தாம்பாளத்துல வச்சாரு. கிரீஸ் இருந்த சுவடே இல்லை, எல்லாம் செம்மண் குழம்பு. மிதியைச் சக்கரத்துக்குக் கடத்துற மூணு கொக்கியில ஒண்ணு படுத்தே கிடக்குது, அதோட ஸ்பிரிங் ரெண்டு துண்டு. இன்னொண்ணுக்கு முனை மழுங்கி விரலை வச்சா வழுக்குது. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, மீதி ஒத்தைக் கொக்கியைக் காட்டி, "இதுதான் உன்னை இவ்வளவு நாள் இழுத்திருக்கு, கும்பிட்டுக்க"ன்னாரு. வண்டியோட வந்த பேர் தெரியாத ஹப். அதுக்கு உதிரி எங்க தேடுறது? ஆக ஹப் மாத்தியாகணும், அதுல தகராறு இல்லை.

இப்ப உன் வாதத்துக்கு வர்றேன். ஹோப் ப்ரோ 5-ல ஒரு சுத்துக்கு 108 பிடி, அதாவது கொக்கி கவ்வுற இடம் 108, 3.3 டிகிரிக்கு ஒண்ணு. "மிதிச்ச கணமே பிடிக்கும்டா"ன்னு நீ குதிக்கிறே. நான் உக்காந்து கணக்குப் போட்டேன், நீ சிரிக்காதே. என் வண்டியில முன்னால 32 பல், பின்னால பெருசு 42. 36 பிடி உள்ள சாதாரண ஹப்னா 10 டிகிரிக்கு ஒரு பிடி. அது சக்கரத்துக்கான கணக்கு. கால்ல வர்றப்ப 42-ஐ 32-ஆல வகுத்து அதால பெருக்கணும், 13 டிகிரி ஆகுது. 175 மில்லி கிராங்க்ல பெடல் 4 சென்டிமீட்டர் சும்மா போகும். உன் ஹோப்ல ஒண்ணேகால் சென்டிமீட்டர். அதுவும் மோசமான நேரத்துக் கணக்கு, எப்பவும் அவ்வளவு போகாது. 11 பல்லுல போட்டு ரோட்டுல ஓட்டினா அந்த 36 பிடி ஹப்லயே ஒரு சென்டிமீட்டர்தான். ஆக, வித்தியாசம் தெரியறது லோ கியர்ல பாறை மேல நின்னு, அரை மிதி அரை மிதியா ஏறுறப்ப. அதை நான் இல்லைங்கலை. நீ அங்க லேக் டிஸ்ட்ரிக்ட் மலையில வாராவாரம் அதைத்தான் பண்றே. நான் ஓட்டுறது கண்மாய்க் கரை, செம்பூராங்கல் சரளை, கோவிலூர் பக்கம் வண்டிப்பாதை. பாறைக்குப் போறது எப்பவாவது.

இன்னொண்ணு. டிடி ஸ்விஸ் 350 ஹப் ரொம்ப காலம், கொக்கிக்குப் பதிலா, 18 பல் ராட்செட் வட்டத்தோடதான் வந்துச்சு. 20 டிகிரிக்கு ஒரு பிடி! விலை கம்மியா? இல்லை. இருந்தும் உலகம் பூரா அதை நம்பி வாங்கினாங்க. ஏன்னா ரெண்டு பல்வட்டமும் முழுசா ஒண்ணோட ஒண்ணு கவ்வுது, கருவி இல்லாம கையாலயே பிரிச்சுத் துடைச்சு கிரீஸ் வச்சுக்கலாம். இன்னொரு பக்கம் பேர் தெரியாத ஹப்பெல்லாம் 72 பிடி, 120 பிடின்னு அட்டையில போட்டு விக்கிறான். பிடி எண்ணிக்கையை வச்சு ஹப்பை எடை போடாதேன்னுதான் சொல்றேன். விலை கூடின ஹப்ல காசு போறது பேரிங்குக்கும், தண்ணி நுழையாத சீலுக்கும், அஞ்சு வருஷம் கழிச்சும் ஸ்பிரிங் தனியாக் கிடைக்கும்ங்கற உறுதிக்கும். அதுல ஹோப்புக்கு நான் தலை வணங்குறேன். உன் ஊருக்குப் பக்கத்துல பார்னால்ட்ஸ்விக்ல அவங்களே கடையறாங்க, கேட்டா ஒத்தை வாஷர்கூடத் தருவாங்க. உனக்குத் தருவாங்க. எனக்கு?

அப்புறம் என் வண்டிச் சட்டத்துல பின் சக்கரம் உக்கார்ற அகலம் 135 மில்லி, அச்சு குயிக் ரிலீஸ். இப்ப வர்ற மவுண்டன் பைக் பெரும்பாலும் 148 மில்லி, பூஸ்ட்னு பேரு. இருநூறு பவுண்டுக்கு மேல குடுத்து இந்தச் சட்டத்துக்கு ஹப் வாங்கினா, நாளைக்கு வண்டி மாத்துறப்ப அதை எதுல மாட்டுறது? நீ காசு வாங்க மாட்டே, அது எனக்கு இன்னும் பயம். சத்தம் வேற. போன தடவை நீ கொண்டுவந்த வண்டி மிதிக்காம உருண்டப்ப முகப்புல உக்காந்திருந்த அப்பத்தா, "வீட்டுக்குள்ள வெட்டுக்கிளிக் கூட்டம் பூந்துருச்சா"ன்னு கேட்டது மறந்துபோச்சா?

அதனால ஷிமானோ டியோர் ஹப்னு முடிவு பண்ணியிருக்கேன். உன் ஹோப்ல கால்வாசி விலைகூட வராது. பிடி விஷயத்துல பெருமை பேச ஒண்ணுமில்லை. ஃப்ரீஹப் உடம்பு இரும்பு, கேசட் வெட்டுப் போடாது. கெட்டுப்போனா 10 மில்லி ஆலன் கீ விட்டு உடம்பையே மாத்திடலாம். உள்ள பேரிங் கப்பும் கோனும், நடுவுல கால் இஞ்ச் பால்ஸ். அண்ணன் கடையில ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அதே பால்ஸ்தான் கிடக்கு. என் பிரேக் டிஸ்க் ஆறு போல்ட்ல மாட்டுறது, இது ஒத்தை வளையத்தால இறுக்குற சென்டர்லாக், நடுவுல ஒரு அடாப்டர் போடணும். 32 கம்பி ரிம் இருக்கு. பெரிய சைக்கிளுக்குப் பின்னால 40 கம்பி கோத்த கை அண்ணனோடது, 32 என்ன பெரிய விஷயம்.

கணக்கு இடிக்கிறது இங்கதான். கோன் ஹப் நல்லா ஓடணும்னா கோனை அளந்து இறுக்கத் தெரிஞ்ச கை வேணும். ஒரு நூல் கூடினா பால்ஸ் கப்பைத் தின்னும், குறைஞ்சா சக்கரம் ஆடும். சீல்டு பேரிங்னா நம்பரைச் சொல்லி மதுரையில வாங்கித் தட்டி ஏத்திடலாம், யார் வேணாலும் செய்யலாம். நான் டியோரை வாங்குறதே அண்ணனை நம்பித்தான். அன்னைக்கு அந்த உடைஞ்ச ஸ்பிரிங்கை அவர் கண்ணால பார்க்கலை மாப்ளே. தடவித்தான் கண்டுபிடிச்சாரு. அப்புறம் கோட்டம் எடுக்கறப்பவும் ரிம்மைப் பார்க்காம காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. மதுரை அரவிந்த்ல காட்டலாம், காலையில போனா சாயங்காலம் திரும்பிடலாம்னு நானும் அவர் மகனும் சொல்லிப் பார்த்துட்டோம். "மழை போகட்டும், தை வரட்டும்"ங்கறாரு. ஆபரேஷனுக்குப் பயம், வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு. மகனுக்குக் கடையில நாட்டமில்லை, அப்பா கண்ணு போனா ஷட்டரை இறக்கிட்டு வாடகைக்கு விடறதாப் பேச்சு.

நீ சொன்னா கேப்பாரு. நான் தினமும் போய் நிக்கிறவன், என் பேச்சுக்கு மதிப்பில்லை. உன்னை இன்னும் "வெளிநாட்டுப் பிள்ளை"ன்னுதான் கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிக்கிறாரு. ஒரு போன் போடு. ஹப் பத்திக் கேக்குற மாதிரி ஆரம்பிச்சு, கண்ணுல கொண்டுபோய் முடி.

ஹோப்புக்கு வச்ச காசு கையை அரிச்சா, நல்ல கோன் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிட்டு வா. 13, 15, 17 கண்டிப்பா இருக்கணும். நானும் பழகிக்கிறேன், கிண்டல் பண்ணாதே. கடை திறக்கிறது பத்து மணிக்கு. மத்தியானம் தூங்கிடுவாரு, அப்ப கூப்பிட்டா திட்டுவாரு. நம்ம ஊரு நேரத்தைப் பார்த்துப் போடு.

அன்புடன்,
உன் பங்காளி